தெளிவு முறியும் இடம்

1990களில் வன்னிக்குக் கம்பிவழி மின்சாரம் வரவில்லை. பற்றறிகளும் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் இருந்தன. செய்தி கேட்க விரும்பியவர்கள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதியைக் கையால் சுற்ற, டைனமோவில் பிறந்த மின்னால் வானொலியை இயக்கினார்கள். பரந்தன் சந்தியைச் சுற்றியுள்ள ஊர்களில் அந்தத் தலைமுறை இன்னும் இருக்கிறது. மின்காந்தத் தூண்டலை அவர்களுக்குப் பாடப்புத்தகம் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. காந்தம் சுருளுக்குள் சுழன்றால் சுருளில் மின் பிறக்கும் என்பதைக் கை வலிக்க வலிக்கச் செய்து பார்த்தவர்கள் அவர்கள்.

மின்கிற்றாரின் பிக்கப் அதே விதியில்தான் இயங்குகிறது. அங்கே காந்தம் அசையாது, அதன் மேலே உருக்குக் கம்பி அசைகிறது. கம்பியின் அசைவு காந்தப் பாயத்தைக் கலைக்க, ஆயிரக்கணக்கான சுற்றுகள் கொண்ட மெல்லிய செப்புச் சுருளில் ஒரு சிறு வோல்ற்றளவு எழுகிறது. சைக்கிள் டைனமோ 6 வோல்ற்றில் 3 வாற்று தரும். பிக்கப் தருவதோ வோல்ற்றின் பத்தில் ஒரு பங்கு, ஓங்கி அடித்தால் ஒரு வோல்ற்றுக்குக் கிட்ட. அதுவும் கிட்டத்தட்ட மின்னோட்டமே இல்லாத வோல்ற்றளவு. அதனால் எந்த ஒலிபெருக்கியையும் அசைக்க முடியாது. இந்தச் சமிக்ஞையைப் பெருக்கி ஓர் ஒலிபெருக்கியை உலுக்கும் அளவுக்கு வலுவூட்டுவதே அம்ப் எனப்படும் விரியலாக்கியின் வேலை. முன்விரியலாக்கி, வலு விரியலாக்கி, ஒலிபெருக்கி மூன்றையும் ஒரே பெட்டிக்குள் அடக்கியது காம்போ.

அம்ப் வாங்க வருபவர்கள் பெரும்பாலும் இரண்டு ஒலிகளைக் கேட்கிறார்கள். ஒன்று கிளீன்: கோர்ட் பிடித்து மீட்டினால் ஆறு கம்பியும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். 1960களில் உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் தொடக்கிவைத்த ஈழத்துப் பொப் பாடல்களுக்கும், பைலாவுக்கும், தேவாலயப் பாடகர் குழுவுக்கும் வேண்டியது அதுதான். மற்றது கிரஞ்ச்: மெல்ல மீட்டினால் தெளிவு, அழுத்தி அடித்தால் ஓரத்தில் ஒரு கரகரப்பு. முழுச் சிதைவு அல்ல, சிதைவின் வாசல். பெட்டியின் முகப்பில் இவற்றுக்கு இரண்டு பொத்தான்கள் இருப்பதால் இவை இரண்டு வேறு இயந்திரங்கள் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. உண்மையில் இவை ஒரே வளைகோட்டின் இரண்டு இடங்கள். அந்த வளைகோடு விளங்கினால் எந்த அம்ப் வேண்டும் என்ற கேள்வியில் பாதி தீர்ந்துவிடும்.

ஒரு வரைபுத்தாளை எடுங்கள். கிடை அச்சில் உள்ளே போகும் வோல்ற்றளவு, நிலைக்குத்து அச்சில் வெளியே வருவது. நடுப்பகுதியில் கோடு நேராக ஏறுகிறது: இரண்டு மடங்கு கொடுத்தால் இரண்டு மடங்கு வரும். இதுதான் கிளீன். ஆனால் எந்த விரியலாக்கியும் தன் மின்வழங்கலின் வோல்ற்றளவைத் தாண்டிப் பெருக்க முடியாது. எல்லையை நெருங்கும்போது கோடு வளைந்து மட்டமாகிறது. அந்த வளைவில் சமிக்ஞையின் முகடுகள் நசுங்குகின்றன. அதுதான் கிரஞ்ச். வெற்றிடக் குழாயாகிய வால்வில் இந்த வளைவு மெதுவாகத் தொடங்குகிறது. எதிர்ப் பின்னூட்டல் நிறைய உள்ள திரான்சிஸ்ரர்ச் சுற்றில் கோடு கடைசிவரை நேராகப் போய்ச் சட்டென்று முறிகிறது. திரான்சிஸ்ரர் அம்பின் கிளீன் கண்ணாடித் தெளிவாகவும், அதை வரம்பு மீறி ஓட்டினால் வரும் சிதைவு காதைக் குத்துவதாகவும் இருப்பதற்குக் காரணம் இந்த முறிவின் வடிவம்தான்.

முகடு நசுங்கினால் காதுக்கு என்ன நடக்கிறது? ஐந்தாம் கம்பியைத் திறந்து மீட்டினால் 110 ஹேர்ட்ஸ். நசுங்கிய அலையில் 110 மட்டும் இருக்காது. 220, 330, 440, 550 என்று மடங்குகள் பிறக்கின்றன. மேல் முகடும் கீழ் முகடும் ஒரே அளவாக நசுங்கினால் ஒற்றை மடங்குகள் மட்டுமே வரும்; ஒரு பக்கம் கூடுதலாக நசுங்கினால் இரட்டை மடங்குகளும் சேரும். வால்வு அம்புகளின் முன்விரியலாக்கியில் பெரும்பாலும் இருக்கும் 12ஏஎக்ஸ்7 என்ற வால்வு ஒரு பக்கத்தைக் கூடுதலாக வளைக்கிறது. வெளியீட்டில் இரண்டு வால்வுகள் மாறிமாறித் தள்ளி இழுக்கும் அமைப்பு இரண்டு பக்கத்தையும் ஒரேமாதிரி வளைத்து ஒற்றை மடங்குகளைக் கூட்டுகிறது. இந்த இரண்டின் கலவை விகிதம்தான் ஒரு வால்வு அம்புக்கும் மற்றதுக்கும் இடையே நாம் கேட்கும் குண வேறுபாட்டின் பெரும் பகுதி.

ஒற்றைச் சுரத்தில் இது இனிமை. இரண்டு மூன்று சுரங்கள் சேர்ந்தால்தான் கதை சிக்கலாகிறது. கிரஞ்ச் வேண்டும் என்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. கிற்றாரின் கட்டைகள் சம இடைவெளிச் சுருதியில் அமைந்தவை. ஏ மேஜர் கோர்ட்டில் ஏ 110 ஹேர்ட்ஸ், அதன் பஞ்சமம் ஈ 164.81, அந்தர காந்தாரமாகிய சி ஷார்ப் 138.59. ஏயின் மூன்றாம் மடங்கு 330. ஈயின் இரண்டாம் மடங்கு 329.6. வித்தியாசம் அரை ஹேர்ட்ஸுக்கும் குறைவு, காது அதைப் பொருட்படுத்தாது. ஏயின் ஐந்தாம் மடங்கு 550. சி ஷார்ப்பின் நான்காம் மடங்கு 554.4. இரண்டும் மோதினால் விநாடிக்கு நான்கு தடவைக்கு மேல் அடிப்பு எழும். கிளீனில் இந்த மேற்றொனிகள் மெலிந்தவை என்பதால் அடிப்பு அமுங்கிக் கிடக்கும். சிதைவு அவற்றை முன்னே தூக்கி நிறுத்துகிறது. ஆகவேதான் ரொக் வாசிப்பவர்கள் சிதைவைக் கூட்டும்போது காந்தாரத்தை விட்டு, சட்சமும் பஞ்சமமும் மட்டும் பிடிக்கிறார்கள். அந்த இரண்டும் சிதைந்த சுற்றுக்குள் கலக்கும்போது அவற்றின் வித்தியாச மீடிறனான சுமார் 55 ஹேர்ட்ஸும் பிறக்கிறது. அது ஏயைவிட ஒரு ஸ்தாயி கீழ். யாரும் மீட்டாத அந்தச் சுரம் ஒலிக்கு அடியில் வந்து நின்று கனம் தருகிறது.

எங்கள் பிள்ளைகளில் பலர் கிற்றாருக்கு முன் சுருதிப்பெட்டியுடன் பாடக் கற்றவர்கள். அவர்களுடைய காது அந்தர காந்தாரத்தை 5க்கு 4 என்ற சுத்த விகிதத்துக்கு அருகில் கேட்டுப் பழகியது. கிற்றாரின் காந்தாரம் அதைவிட ஓர் அரைச்சுரத்தின் ஏழில் ஒரு பங்கு உயரத்தில் நிற்கிறது. இந்தக் காதுகளுக்குக் கனத்த சிதைவில் முழு கோர்ட் இன்னும் கூடுதலாக உறுத்தும் என்றே நான் நம்புகிறேன். அதனால் எங்களுக்குப் பொருந்துவது சிதைவு குறைந்த கிரஞ்ச்: மேஜர் கோர்ட் முழுதாகப் பிடித்தாலும் காந்தாரம் அடையாளம் தெரிய வேண்டும். அம்பின் விளம்பரத்தில் எவ்வளவு சிதைவு கிடைக்கும் என்று எழுதியிருப்பதைவிட, சிதைவு தொடங்கும் அந்த முதல் கால்வாசித் திருப்பத்தில் அம்ப் எப்படி நடந்துகொள்கிறது என்பதே பெரிது.

சிதைவைப் பிழை என்று பொறியியலாளர்கள் விரட்டிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. கலைஞர்கள் அதைத் தேடிப் போனார்கள். 1958இல் கிற்றார் கலைஞர் லிங்க் ரே ஒலிபெருக்கியின் கூம்பில் துளையிட்டார். 1964இல் லண்டனின் கிங்க்ஸ் குழுவைச் சேர்ந்த டேவ் டேவிஸ் தன் சிறிய அம்பின் கூம்பைச் சவர பிளேடால் கீறினார். அதே லண்டனில், ஹான்வெல்லில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல் 1960களின் தொடக்கத்தில் அமெரிக்க ஃபெண்டர் பாஸ்மன் சுற்றை அடியொற்றிச் செய்த அம்ப், வேறு வால்வும் வேறு ஒலிபெருக்கியும் போட்டதால் விரைவில் முறிந்தது. கிரஞ்ச் என்று உலகம் இன்று சொல்லும் ஒலியின் பெரும் பகுதி அங்கிருந்து வருகிறது. தெளிவின் பக்கம் இரண்டு அம்புகள் அளவுகோலாக நிற்கின்றன: 1963இல் வந்த ஃபெண்டர் டீலக்ஸ் ரிவேர்ப், 22 வாற்று வால்வு; 1975இல் வந்த ரோலண்ட் ஜாஸ் கோரஸ் 120, முழுத் திரான்சிஸ்ரர். முன்னதை உயர்த்தினால் அழகாக முறியும். பின்னது இரண்டு 60 வாற்று விரியலாக்கிகளோடு கடைசிவரை முறியாமல் நிற்கும்.

இனி வாற்று. பெரும்பாலானவர்கள் பணத்தை இழப்பது இங்கேதான். காது வலுவை மடக்கை அளவில் கேட்கிறது. வலு பத்து மடங்கு கூடினால் 10 டெசிபல் கூடும், காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு சத்தம். 50 வாற்று அம்ப் 5 வாற்று அம்பைவிட இரண்டு மடங்குதான் சத்தம். கிற்றாருக்கான 12 அங்குல ஒலிபெருக்கி ஒன்று, ஒரு வாற்று கொடுத்தால் ஒரு மீற்றர் தூரத்தில் 97 டெசிபல் அளவு தரும். ஒரே ஒரு வாற்றிலேயே அறைக்குள் பேச்சுக் கேட்காது. ஒலிபெருக்கியின் உணர்திறன் 100 டெசிபல் என்றால் அது வலுவை இரண்டு மடங்காக்கியதற்குச் சமம். 97இல் 30 வாற்றும் 100இல் 15 வாற்றும் காதுக்கு ஒன்று. அட்டையில் வாற்றைப் பார்ப்பவர்கள் இந்த எண்ணையும் கேட்டு வாங்க வேண்டும்.

அப்படியானால் கிளீனுக்கு ஏன் கூடுதல் வாற்று வேண்டும்? கம்பியை மீட்டிய கணத்தின் உச்சம் அதன்பின் நீளும் ஒலியைவிட மிக உயரமானது. வோல்ற்றளவு மூன்று மடங்கு உயர்ந்தால் வலு ஒன்பது மடங்கு. நீளும் ஒலிக்கு 2 வாற்று போதும் என்ற இடத்தில் அந்த முதல் கணத்துக்கு 18 வாற்று தேவை. அது இல்லாவிட்டால் முகடு நசுங்கும், அதாவது கிரஞ்ச் ஆகும். ஆக ஓர் அம்ப் தெளிவா, கரகரப்பா என்பதை நீங்கள் வாசிக்கும் சத்தமும் அம்பின் எல்லையும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. 15 வாற்று வால்வு அம்ப் வீட்டு அறையில் பெரும்பாலும் கிளீன்தான். அதே அம்ப் டிரம்ஸ் அடிப்பவருக்குப் பக்கத்தில் பெரும்பாலும் கிரஞ்ச். வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி எந்த நிறுவனம் என்பது அல்ல. எவ்வளவு சத்தத்தில் வாசிக்கப் போகிறோம் என்பது.

இதோடு சேர்ந்த ஓர் ஆபத்தையும் சொல்ல வேண்டும். முழுதும் நசுங்கிச் சதுரமாகிய அலை, அதே உயரமுள்ள சைன் அலையைவிட இரண்டு மடங்கு வலுவைச் சுமக்கும். 20 வாற்று அம்ப் முழுச் சிதைவில் 40 வாற்றுக்குக் கிட்டப் போகும். ஒலிபெருக்கியை மாற்றும்போது 20 வாற்று என்று எழுதியதைப் போட்டால் சுருள் கருகக்கூடும்.

ஒலிபெருக்கியின் இன்னொரு வேலையைப் பலர் கவனிப்பதில்லை. கிற்றார் கூம்பு 5,000 ஹேர்ட்ஸுக்கு மேலே வேகமாகத் தளர்கிறது. சிதைவு உண்டாக்கும் உயர் மடங்குகளின் இரைச்சலை அது வடிகட்டிவிடுகிறது. விழா மேடையில் சிதைவு பெடலை நேராக மிக்ஸரில் செருகினால் ஒலி ஏன் சகிக்க முடியாமல் போகிறது என்பதற்கு விடை இதுவே: மேடையின் ஒலிபெருக்கி எதையும் வடிகட்டாது. காம்போவின் முன்னே மைக் வைத்து மேடைக்கு அனுப்புவதே நல்ல வழி. அப்படிச் செய்தால் பெரிய அம்பும் தேவையில்லை.

எங்கள் மண்டபங்களைப் பற்றியும் ஒரு கணக்கு. சீமெந்துத் தரை, பூசிய சுவர், மேலே தகரம். இருபது மீற்றர் நீளம், பத்து அகலம், ஐந்து உயரம் என்று வைத்துக்கொண்டால் கனவளவு 1,000 கன மீற்றர். ஒலியை உறிஞ்சும் பரப்பு 50 சதுர மீற்றர்தான் என்றால், வாலஸ் சபைன் வகுத்த சூத்திரப்படி எதிரொலி அடங்க மூன்று விநாடிக்கு மேல் ஆகும். இந்த மண்டபத்தில், செயற்கையாக எதிரொலி சேர்க்கும் அம்பின் ரிவேர்ப் பொத்தானைத் தொடவே கூடாது. கிளீன் ஒலியைக் கெடுப்பது பெரும்பாலும் அம்ப் அல்ல, மண்டபம். சனம் வந்து நிறைந்தால் உறிஞ்சும் பரப்புக் கூடும். வெறும் மண்டபத்தில் சரிபார்த்த ஒலியைச் சனம் வந்த பின் மறுபடி பார்க்க வேண்டும்.

பரந்தனில் அம்ப் வாங்குபவர் கொழும்பில் வாங்குபவர் யோசிக்காத ஒன்றை யோசிக்க வேண்டும்: மின். இந்த ஊருக்கு மின்னோடு பழைய உறவு உண்டு. ஆனையிறவு உப்பை மின்பகுத்துக் குளோரினும் எரிசோடாவும் எடுத்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை இங்கேதான் நின்றது. மின்பகுப்புக்கு நேரோட்டம் வேண்டும், ஆடலோட்டத்தைச் சீராக்கித்தான் அதைப் பெற வேண்டும். ஒவ்வோர் அம்பும் தன் வயிற்றில் அதே சீராக்கலைச் சிறிய அளவில் செய்கிறது. வால்வு அம்பில் நிலைமாற்றி 230 வோல்ற்றை உயர்த்த, சீராக்கி அதை நூற்றுக்கணக்கான வோல்ற்று நேரோட்டமாக மாற்றி வால்வுக்குக் கொடுக்கிறது.

மாலையில் எல்லா வீட்டிலும் விளக்கும் நீர்ப்பம்பியும் ஓடும்போது, நீண்ட கம்பியின் கடைசியில் இருப்பவருக்கு 230 வராது. 200 வந்தால் வால்வின் வோல்ற்றளவும் அதே விகிதத்தில் இறங்கும். வலு வோல்ற்றளவின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் கிளீன் எல்லையில் கால்வாசி போய்விடும். காலையில் தெளிவாக இருந்த அதே குமிழ் நிலை மாலையில் கரகரக்கும். ரொக் கிற்றார் கலைஞர் எடி வான் ஹேலன் இதை வேண்டுமென்றே செய்தார்: வேரியக் என்ற மாறு நிலைமாற்றியால் தன் மார்ஷலுக்குப் போகும் வோல்ற்றளவைக் குறைத்து ஒலியை வளைத்தார். அது அவருடைய தேர்வு. எங்களுக்குக் கம்பி தானாகச் செய்வது தேர்வு அல்ல. வால்வு அம்ப் வைத்திருப்பவர் ஒரு நல்ல ஸ்டெபிலைசரும் வாங்கத்தான் வேண்டும். ஜெனரேற்றரில் ஓட்டும்போதும் இதே கவனம் வேண்டும்.

அடுத்தது புலம்பெயர்ந்த உறவுகள் கொண்டுவரும் அம்ப். லண்டனிலோ பாரிஸிலோ வாங்கியது 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ். இங்கே அப்படியே ஓடும். ரொறன்ரோவில் வாங்கியது 120 வோல்ற்று, 60 ஹேர்ட்ஸ். அதை எங்கள் சுவரில் செருகினால் ஏறத்தாழ இரண்டு மடங்கு வோல்ற்றளவு பாய்ந்து, உருகி அறுந்தால் அதிர்ஷ்டம், அறாவிட்டால் நிலைமாற்றியோ கொள்ளளவிகளோ எரியும். படியிறக்கு நிலைமாற்றி போட்டாலும் வேலை முடியவில்லை. நிலைமாற்றியின் இரும்பு சுமக்கும் பாயம் வோல்ற்றளவை மீடிறனால் வகுத்ததைப் பொறுத்தது. 120ஐ 60ஆல் வகுத்தால் 2. அதே 120ஐ 50ஆல் வகுத்தால் 2.4. இரும்பு ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் பாயத்தைச் சுமந்து சூடாகும். 110 வோல்ற்றுக்கு இறக்கினால் 2.2 ஆகும், 100க்கு இறக்கினால் மறுபடி 2. ஆகவே கனடா அம்புக்கு 120 தரும் பெட்டியைத் தேடாமல் 100 அல்லது 110 தருவதைத் தேடுங்கள். வாங்கிவரச் சொல்லும்போதே பின்பக்கத் தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம். சில அம்புகள் 100 முதல் 240 வரை எதையும் ஏற்கும், சிலவற்றில் மாற்றும் ஆளி இருக்கும்.

நிலத்தொடுப்புப் பற்றி மெதுவாகப் பேச எனக்கு விருப்பமில்லை. கிற்றாரின் கம்பிகள் அம்பின் நிலக் கம்பியோடு நேராக இணைந்திருக்கின்றன. இரைச்சலைக் குறைக்க அப்படித்தான் செய்ய வேண்டும். அம்பின் நிலத்தொடுப்பு அறுந்திருந்து உள்ளே ஒரு பழுது வந்தால், வாசிப்பவரின் பத்து விரல்களும் உயிருள்ள மின்கம்பியில் இருக்கும். உதடு மைக்கில் பட்டதும் சுற்று முழுமையாகும். 1972இல் சுவான்சியில் கிற்றார் கலைஞர் லெஸ் ஹார்வி மேடையில் மைக்கைத் தொட்டபோது மின் தாக்கி இறந்தார். செருகியின் நில முனையை வெட்டுவதோ, இரண்டு கம்பி நீட்டிப்பு வயரில் ஓட்டுவதோ எந்த விழாவுக்காகவும் செய்யக் கூடாது. 30 மில்லி அம்பியரில் விழும் ட்ரிப் சுவிட்ச் உள்ள மண்டபத்தில் மட்டும் வாசியுங்கள். வாசிக்குமுன் அதன் சோதனைப் பொத்தானை ஒரு தடவை அழுத்துங்கள்.

இவ்வளவும் வைத்துப் பார்த்தால் என் முடிவு இது. தேவாலயம், பாடசாலை, சிறு மேடை மூன்றுக்கும் ஒரே பெட்டி வேண்டும் என்பவருக்கு 12 அங்குல ஒலிபெருக்கியுள்ள 50 வாற்று டிஜிற்றல் காம்போ. பொஸ் கட்டானா 50 இந்த வகையில் நல்ல எடுத்துக்காட்டு: வலுவை அரை வாற்று, 25, 50 என்று மாற்றலாம். வளைகோட்டின் முறிவைக் கணிப்பின் மூலம் உருவாக்குவதால் கிரஞ்ச் எந்தச் சத்தத்திலும் வரும், வீட்டில் பிள்ளை தூங்கும்போதும் வரும். தெளிவு மட்டும்தான் வேண்டும் என்றால் நல்ல திரான்சிஸ்ரர் அம்ப் போதும், வால்வுக்குச் செலவழிப்பது வீண். கிரஞ்ச்தான் உயிர் என்பவருக்கு வோக்ஸ் ஏசி15 போன்ற 15 வாற்று வால்வு காம்போ: விரல் அழுத்தத்துக்கு அது தரும் பதிலைக் கணிப்பு இன்னும் முழுதாக எட்டவில்லை என்பது என் காதின் தீர்ப்பு. ஆனால் அவர் ஸ்டெபிலைசரையும் மாற்று வால்வுகளையும் சேர்த்தே வரவுசெலவு போட வேண்டும். 30 வாற்று ஏசி30 எங்கள் மண்டபங்களுக்கு மிகை. 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம்வரை மின்வெட்டு வந்ததை மறக்காதவர்கள் ரோலண்ட் கியூப் ஸ்ட்ரீட் போன்ற பற்றறி அம்பையும் பார்க்கலாம். ஐந்து வாற்றுதான், ஆனால் முற்றத்தில் பாடப் போதும்.

கடைக்குப் போகும்போது சொந்தக் கிற்றாரைக் கொண்டுபோங்கள். பிக்கப்பின் உயரமும் சுருளும் மாறினால் முறியும் இடமும் மாறிவிடும். கடைக்காரர் திருப்பி வைத்திருக்கும் குமிழ்களை எல்லாம் நடுவுக்குக் கொண்டுவந்து, ரிவேர்ப்பை மூடிவிட்டு, நீங்கள் உண்மையில் வாசிக்கும் சத்தத்துக்கு உயர்த்துங்கள். நான்கு மீற்றர் தள்ளி நிற்க ஒருவரைக் கூட்டிப்போனால் நல்லது, ஏனெனில் அம்பின் முன்னே முழங்கால் உயரத்தில் கேட்பது சபை கேட்பது அல்ல. முதலில் ஏ மேஜரை மெல்ல மீட்டுங்கள், பிறகு ஓங்கி. சி ஷார்ப் இரண்டிலும் கேட்கிறதா என்று பாருங்கள். அடுத்து அம்பைக் கரகரக்கும்வரை உயர்த்திவிட்டுக் கிற்றாரின் சொந்த ஒலிக் குமிழை மூன்றுக்கு இறக்குங்கள். அம்பைத் தொடாமலே ஒலி தெளிந்து வந்தால் அந்த அம்பின் வளைவு மெதுவானது. சத்தம் மட்டும் குறைந்து கரகரப்பு அப்படியே நின்றால் விலையைக் கேட்காமலே அடுத்த பெட்டிக்குப் போங்கள்.